மலையில் தொடங்கி, கடலில் முடி

அன்புள்ள இளங்கோவுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் மருமகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்டோபரில் ஒயின் சுவைத்துப் பார்க்க இத்தாலியின் மார்க்கே மாநிலத்துக்குச் செல்ல நீ வகுத்த திட்டத்தை அப்பாவும் நானும் படித்தோம். அன்கோனாவில் இறங்கி, கோனெரோ கடற்கரையில் தங்கி, பிறகு யேசி, நேரம் மிஞ்சினால் மாத்தேலிகா என்று எழுதியிருக்கிறாய். போன ஆண்டு அந்தப் பக்கமெல்லாம் சுற்றி வந்தவள் என்பதாலும், பணிக்காலம் முழுவதும் புவியியல் கற்பித்தவள் என்பதாலும் சொல்கிறேன்: அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிடு.

காரணம் அந்த நிலத்திலேயே இருக்கிறது. அப்பெனைன் மலைகளில் பிறந்து அட்ரியாட்டிக் கடலை நோக்கி ஓடும் ஆறுகள் மார்க்கேயைச் சீப்பின் பற்களைப் போல வகிர்ந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாப் பள்ளத்தாக்குகளும் கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்க, மாத்தேலிகா அமைந்த பள்ளத்தாக்கு மட்டும் வடக்கு தெற்காக, கடலுக்கு இணையாகக் கிடக்கிறது. அதற்கும் யேசிக்கும் நடுவில் சுமார் 1,480 மீட்டர் உயரமுள்ள சான் விச்சினோ மலை நிற்கிறது. கடற்காற்று எட்டாத அந்த இடத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் கடுமையானவை. ஆகவே அங்கு விளையும் வெர்திக்கியோ என்னும் வெள்ளைத் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது, பழுத்த பின்னும் தன் புளிப்பை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஒயின் இறுக்கமாக, கூர்மையாக இருக்கும். இலேசான பச்சை நிறம் ஓடும். விழுங்கிய பின் கசப்பு வாதுமையின் சாயல் நாக்கில் தங்கும்.

அதைச் சுவைத்த மறுநாளே மலையைச் சுற்றிக் கீழிறங்கி யேசிப் பக்கம் வந்துவிடுங்கள். குப்ராமொந்தானா, ஸ்தாஃபொலோ, மொந்தெகரோத்தோ என்று குன்றுக்கு ஒன்றாய் மதில் சூழ்ந்த சிற்றூர்கள் அங்கே அமர்ந்திருக்கின்றன. திராட்சை அதே வெர்திக்கியோதான். ஆனால் கடற்காற்று பட்டு வளர்ந்ததால் ஒயின் அகன்று, மென்மையாகி, பழ மணம் கூடியிருக்கும். இந்த வேறுபாட்டை எத்தனை பக்கம் படித்தாலும் புரியாது. மலைப் பக்கத்து ஒயினை முதலில் குடித்த வாய்க்கு மட்டுமே அது சட்டென்று பிடிபடும். கடற்கரையில் தொடங்கினால், துவர்ப்பு மிகுந்த கோனெரோச் சிவப்பு ஒயினுக்கு நாக்கு பழகிவிடும். அதன்பின் மாத்தேலிகா வெறும் புளித்த நீராகத் தோன்றும். அது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

வெர்திக்கியோவை மலிவுச் சரக்கென்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு. 1953இல் அதற்கென்று பழங்காலச் சாடியின் வடிவில் ஒரு பச்சைப் பாட்டிலை வடிவமைத்தார்கள். பாட்டில் உலகெங்கும் விற்றது, உள்ளே இருந்ததை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. நீ வாங்குவதானால் நேரான சாதாரணப் பாட்டிலில் வரும் ரிசெர்வாவை வாங்கு. குறைந்தது பதினெட்டு மாதம் முதிர்ந்த பிறகே அது விற்பனைக்கு வரும். மேலும் பல ஆண்டுகள் வைத்திருந்தும் குடிக்கலாம்.

குப்ராமொந்தானாவில் 1928இல் தொடங்கிய திராட்சைத் திருவிழா அக்டோபர் முதல் வார இறுதியில் நடக்கும். மருமகளுக்குக் கூட்டமும் பாட்டும் பிடிக்கும் என்பதால் போக நினைப்பாய். போங்கள், ஆனால் அன்று சுவைக்கும் எண்ணம் வேண்டாம். அந்தச் சந்தடியில் நின்று நிதானமாகப் பேசுவதற்கு ஒயின் தயாரிப்பாளர் யாருக்கும் நேரமிருக்காது. யேசியில் அரை நாள் போதும். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1194ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று அந்த ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கூடாரத்தில் பிறந்தார் என்று சொல்வார்கள். வரலாற்றில் ஆர்வமுள்ள அப்பா அங்கிருந்து நகரவே மறுத்துவிட்டார்.

யேசிக்கு வடக்கே மொர்ரோ தால்பா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கு விளையும் லாக்ரிமா என்ற கருந்திராட்சையின் ஒயினை ஒரு மிடறாவது குடித்துப் பார். ரோஜாவும் ஊதாப்பூவும் கலந்த மணம். எனக்கு அது சற்றுத் திகட்டியது, அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. மதிலை ஒட்டிக் கூரையிட்ட நடைபாதை ஒன்று ஊரைச் சுற்றிச் செல்கிறது. அதில் கட்டாயம் நடந்து பாருங்கள்.

கடைசியில் கோனெரோ. தட்டையான அந்தக் கடற்கரையில் 572 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புக் குன்றொன்று கடலுக்குள் நீட்டி நிற்கிறது. அதன் சரிவுகளில் விளையும் மொந்தெபுல்ச்சானோ திராட்சையிலிருந்து வரும் சிவப்பு ஒயின் அடர்த்தியானது. அதை இறைச்சியோடு இரவில் குடியுங்கள். போர்தொநோவோ விரிகுடாவில் மதியம் மீன் சாப்பிடும்போது மேசையில் வெர்திக்கியோ இருக்கட்டும். மலையில் தொடங்கிய அந்த ஒயின் கடலுணவோடு எப்படி இணைகிறது என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும். அன்கோனாவில் பதின்மூன்று வகை மீனும் கடலுணவும் சேர்த்து வைக்கும் ப்ரொதெத்தோ என்ற மீன் குழம்பையும் கேட்டு வாங்கு. நம் வீட்டுப் புளிக்குழம்பை எதிர்பார்த்துப் போகாதே. அதில் புளிப்புக்கு வினிகர்தான்.

ஒன்றைத் தாயாகச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே வண்டி ஓட்டுபவரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. குன்றுச் சாலைகளோ வளைந்து வளைந்து செல்பவை. சுவைத்ததைத் துப்புவதற்கென்றே ஒவ்வோர் இடத்திலும் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை அவர்கள் அவமதிப்பாக நினைப்பதில்லை. ஒரு நாள் நீ ஓட்டு, மறுநாள் அவள் ஓட்டட்டும். ஓட்டுகிறவர் அன்று மணத்தை மட்டும் முகர்ந்தால் போதும்.

மாத்தேலிகாவில் ஒயின் தயாரிப்பாளர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் போகாதே. புதிய தேதிகளை முடிவு செய்ததும் அனுப்பு. நாங்கள் தங்கிய பண்ணை வீட்டின் முகவரியை அப்பா தேடி எடுத்துத் தருவார்.

அன்புடன்,
அம்மா