விருப்ப ஒழுங்கு எழுதமுதல்

அன்புள்ள மகளுக்கு,

"கொழும்பைத்தான் முதலாவதாகப் போட இருந்தன், இப்ப மனம் ஒருமாதிரி இருக்கு" என்று மருத்துவ பீட விருப்பப் பட்டியலைப் பற்றி நேற்றிரவு சொன்னாய். போனில் கதைத்தால் பாதி மறந்துபோகும், அதுதான் எழுதுகிறேன். மாமி வீட்டில் ஆறுதலாக இருந்து இரண்டுதரம் வாசி.

முதலில் உன்ர சிநேகிதி சொன்ன கதையை விட்டுவிடு. கொழும்பை முதலாவதாகப் போட்டுக் கிடைக்காவிட்டால் பேராதனையும் யாழ்ப்பாணமும் கைவிட்டுப் போகும் என்பது பிழை. உயர்தரச் சோதனையில் நீ எடுத்த இசட் புள்ளியை வைத்துக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து வருவார்கள். எந்த இடத்துக்குப் புள்ளி முதலில் காணுமோ, அது உனக்கு. யாழ்ப்பாணத்தை நீ மூன்றாவதாகப் போட்டிருந்தாலும், அதை முதலாவதாகப் போட்ட, உன்னைவிடப் புள்ளி குறைந்த பிள்ளைக்கு உன்ர இடம் போகாது. உண்மையில் ஆக்கள் விடுகிற பிழை மற்றப் பக்கம்: பயத்தில் "கட்டாயம் கிடைக்கும்" என்கிற இடத்தை மேலே போடுவது. அது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

போன வருட வெட்டுப்புள்ளியையும் அளவுக்கு மீறி நம்பாதே. அது முன்கூட்டியே கீறி வைத்த கோடு அல்ல. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடங்கள் நிரம்பியபின், கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளிதான் அது. ஒவ்வொரு பாடத்திலும் அந்த வருடச் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்று பார்த்து, மூன்றையும் கூட்டி மூன்றால் பிரிப்பதுதான் இசட் புள்ளி என்பதால், ஆக்களும் வினாத்தாளும் மாற வெட்டுப்புள்ளியும் மாறும். ஆனபடியால் புள்ளியைப் பார்த்து ஒழுங்கு போடாதே. எங்கே படிக்க விருப்பமோ அந்த ஒழுங்கிலேயே போடு. பதிந்தபிறகு பீடம் மாறுவது மிகவும் அரிது, யோசிக்கிறதெல்லாம் இப்ப யோசிக்க வேண்டும்.

இனி, பெயர். கொழும்புப் பீடம் 1870இல் தொடங்கியது, எங்கட யாழ்ப்பாணப் பீடம் 1978இல். அந்த நூற்றெட்டு வருட வித்தியாசத்தை எங்கட ஆக்கள் கலியாணவீட்டில் கதைக்கிற அளவுக்கு வேலைத்தலத்தில் ஒருவரும் கதைப்பதில்லை. இரண்டும் எம்.பி.பி.எஸ். பட்டந்தான், மருத்துவ சபையில் பதிவும் ஒன்றுதான். கடைசிச் சோதனையில் எல்லா அரச பீடத்தாருக்கும் பொதுவான எம்.சி.கியூ. (சரியான விடையைத் தெரிவுசெய்கிற) தாள் ஒன்று இருக்கிறது. பிறகு பொதுத் திறமைப் பட்டியல் போடுவார்கள், பட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் செய்கிற உள்ளகப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதை அந்த வரிசைதான் தீர்மானிக்கும். மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்ததென்றாலும், அதன் சோதனை எந்தப் பீடத்தாருக்கும் ஒரே சோதனை. பெயருக்காக மட்டும் கொழும்பு என்றால் அந்தக் காரணத்தை அழித்துவிடு. பெயருக்குப் பயந்து வேண்டாம் என்றால் அதையும் அழி.

நீ சொன்னதில் பாரமான சந்தேகம் சிங்களம். விரிவுரை ஆங்கிலத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் நோகமாட்டார். வாட்டில் உன்ர வேலையில் பெரும்பங்கு வருத்தத்தின் கதையைக் கேட்டு எடுப்பதுதான், அதற்குச் சொல் நுணுக்கம் வேணும். எங்கட ஆச்சிமார் "நெஞ்சு இறுக்குது" என்பார்கள், "எரியுது" என்பார்கள், "உளையுது" என்பார்கள், "முட்டு இழுக்குது" என்பார்கள். அந்த நாலும் நாலு வேறு யோசனைக்கு உன்னைக் கொண்டுபோகும். அதேபோல சிங்களத்தில் "ரிதெனவா" (நோகுது) வேறு, "தெவில்ல" (எரிவு) வேறு, "ஹதி" (முட்டு) வேறு. "கொஹெத ரிதென்னே?" (எங்கே நோகுது?), "கவதா இந்தலாத?" (எப்ப தொடக்கம்?) என்ற இரண்டு கேள்வியையும் பாடமாக்கலாம், அது லேசு. கேட்டபின் அந்த மனுசி பத்து நிமிசம் கடகடவென்று சொல்வதை விளங்கிக்கொள்வதுதான் கஷ்டம். பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் மொழிபெயர்க்கக் கேட்டால் நோயாளி சொன்னது வராது, அந்தப் பிள்ளைக்கு முக்கியமாகப்பட்டதுதான் வரும்.

அதற்காக யாழ்ப்பாணத்தை மேலே போட்டால் பிரச்சினை தீராது, பின்னுக்குத் தள்ளிப்போகும். உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டு பிரிவு. அது அநுராதபுரமாகவும் இருக்கலாம், பொலன்னறுவையாகவும் இருக்கலாம். அரச சேவையில் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். மாணவியாக நின்று தடுமாறினால் பின்னால் ஒரு டொக்டர் நிற்பார், இரவு இரண்டு மணிக்கு உள்ளகப் பயிற்சி டொக்டராகத் தனிய நின்று தடுமாறுவது வேறு விசயம். ஆகவே சிங்களம் காரணமாகக் கொழும்பைக் கீழே இறக்குவதை நான் சரியென்று நினைக்கவில்லை. இப்பவே தொடங்கு. வெள்ளவத்தையில் நிற்கிறாய், கடைக்காரரோடும் பஸ் கண்டக்டரோடும் சிங்களத்திலேயே கதை.

அடுத்தது, எதைப் பார்க்கக் கிடைக்கும் என்பது. கொழும்பில் தேசிய வைத்தியசாலை, பிள்ளைகளுக்கு லேடி றிட்ஜ்வே, பிரசவத்துக்கு டி சொய்சா. நாடு முழுவதிலும் இருந்து சிக்கலான நோயாளிகள் வந்து சேருவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கட பெரியாஸ்பத்திரிக்கு நெடுந்தீவிலிருந்து முல்லைத்தீவு வரை வட மாகாணமே வந்து சேரும். அங்கே பாம்புக்கடியும் வரும், சலரோகக் கால்புண்ணும் வரும், மோட்டார் சைக்கிள் விபத்தும் வரும். அபூர்வமான நோயைக் காண்பது நல்லதுதான், ஆனால் ஒரு டொக்டர் கையாளப்போவதில் கூடப்பங்கு சாதாரண நோய். அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கக் கிடைக்குமா என்பதே கேள்வி. அது ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பட்டமேற்படிப்பு டொக்டர்மாரும் அதே கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். உடற்கூற்றியல் மண்டபத்தில் ஓர் உடலுக்குப் பதினைந்து பேர் என்றால், நரம்பைத் தேடிப் பிரிக்கிற கத்தி உன்ர கைக்கு வருமுன் மணி அடித்துவிடும். ஒவ்வொரு பீடத்துக்கும் எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலிலேயே இருக்கிறது, பார்.

மிச்சத்தை ஆக்களிடம் கேள். ஒரு பீடத்துக்கு இரண்டு பேர் காணும்: வாட்டுக்குப் போகத் தொடங்கிய ஒருவர், கடைசிச் சோதனை முடித்த ஒருவர். முதல் வருடப் பிள்ளையிடம் கேட்காதே, அதுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கொழும்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போன பெண்பிள்ளையாகப் பார். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். இப்படிக் கேள்: போன கிழமை வாட்டில் எத்தனை நோயாளியை நீங்களே முழுதாகப் பரிசோதித்தீர்கள்? உங்கட பட்ச் எந்த மாதம் உள்ளே வந்தது, செக்கண்ட் எம்.பி. (அடிப்படைப் பாடங்கள் முடிய வருகிற முதல் பெரிய சோதனை) எப்ப எழுதியது? (படிப்பு ஐந்து வருடம் என்பது கடதாசியில், இழுபட்டது எவ்வளவு என்பது இந்தத் திகதிகளில் தெரியும்.) விடுதி எல்லா வருடமும் கிடைக்குமா, இடையில் வெளியே அறை எடுக்க வேண்டுமா? கஷுவல்ட்டி நாளில் (அவசர நோயாளிகளை வாட்டில் எடுக்கிற நாள்) இரவு பத்துக்கு வாட்டால் வெளிக்கிட்டால் விடுதிக்கு எதில் போறனீங்கள்?

பகிடிவதையை (மூத்த மாணவர் புதிய பிள்ளைகளைத் துன்புறுத்துவதை) பற்றி நீ வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் மனதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது 1998இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எல்லா இடத்திலும் நடக்குமா என்று கேட்காமல், முறைப்பாடு செய்த பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது, எந்த விரிவுரையாளர் பக்கத்தில் நின்றார் என்று கேள். அந்தப் பதில் எந்தப் பீடத்தில் மோசமோ, அதைக் கீழே இறக்கு. இதில் மட்டும் நான் பிடிவாதம்.

வீட்டை விட்டு இருக்க ஏலாது என்பதும் காரணம்தான், வெட்கப்படாதே. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு. ஆனால் வருத்தம் வந்த அன்று அம்மா பக்கத்தில் இருக்கமாட்டா. அதை நீதான் நிறுத்துப் பார்க்க வேண்டும், நான் உனக்காக நிறுக்க முடியாது.

உனக்கு வந்த பதில்களைக் கொப்பியில் எழுதி வை. ஞாயிறு பின்னேரம் எடுக்கிறேன், அப்பாவும் இருப்பார். ஒழுங்கு முடிவானதும் படிவத்தை அனுப்பமுதல் ஒவ்வொரு பாடநெறிக் குறியீட்டையும் கைந்நூலோடு விரல் வைத்து ஒப்பிடு. மருத்துவத்துக்கு எண் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், கடைசி எழுத்தில்தான் பல்கலைக்கழகம் மாறுகிறது. மாமியையும் ஒருக்கா வாசித்துப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அம்மா