விமர்சனத்தில் ஒளிப்பதிவுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

உங்கள் சினிமா பக்கத்தில் வந்த ஒரு பட விமர்சனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு இரண்டையும் 'பிரம்மாண்டம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். ட்ரோனை உயரப் பறக்கவிட்டால் நல்ல ஒளிப்பதிவு ஆகிவிடுமா? 1988இல் வந்த 'வீடு' படத்தைப் பாருங்கள், பாலு மகேந்திராவே இயக்கி, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்தது, பாட்டே கிடையாது. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் கதாநாயகியின் தாத்தா தனியாக வருவார், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், வசனம் எதுவும் இல்லை, கேமரா அவசரப்படாமல் அவர் நடைக்கே கூட வரும், தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரின் முகமும் இளையராஜாவின் இசையும் போதும் என்று இயக்குநர் நம்பியிருக்கிறார். எதைக் காட்டுவது, எவ்வளவு நேரம் காட்டுவது என்ற அந்தத் தெளிவுதான் நல்ல இயக்கம். எங்கள் ஊரில் இதைத் திரையிட்டபோது, அதுவரை கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் காட்சியில் நிமிர்ந்தவர்கள் அப்புறம் குனியவே இல்லை.

விமர்சனம் எழுதும்போது, படத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்து, கேமரா எங்கே நின்றது, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, ஏன் அப்படி எடுத்தார்கள் என்று நாலு வரி சேருங்கள். நட்சத்திர மதிப்பெண்ணைக் குறைத்தாவது அதற்கு இடம் கொடுக்கலாம்.

- ஒரு வாசகர், கரூர்