விலைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு வரி: சைலன்சர் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக்குகளுக்கு மாற்றுச் சைலன்சர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும் அவற்றை விற்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு உங்களைத் தேடி ஏன் வருகிறோம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கம்பெனி சைலன்சர் கனம். கீழே விழுந்து நசுங்கினால் புதிதுக்குச் சொல்லும் விலையைக் கேட்டு மயக்கம் வரும். சத்தத்திலும் உயிர் இல்லை. ஆக, வாங்கும் முடிவோடுதான் வருகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்தச் சைலன்சர் என் வண்டிக்கு, என் மாடல் வருடத்துக்கு, சாலையில் ஓட்ட அனுமதி பெற்றதா? சத்தம் எத்தனை டெசிபல்? எப்படி அளந்தது? இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே, விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு வாகனத் தகுதிச் சோதனை. என்னுடையது இரட்டை சிலிண்டர் வண்டி. வாங்கியது ஸ்லிப்-ஆன் (முன்குழாயை அப்படியே வைத்துக் கடைசி டப்பாவை மட்டும் மாற்றுவது), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடல், கார்பன் எண்ட் கேப் (முனை மூடி). விற்பனைப் பக்கத்தில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்ததும் பச்சை டிக் விழுந்தது. அதன் கீழேயே 'சாலை அனுமதி உண்டு' என்ற வரியும் இருந்தது. சத்தத்தைக் குறைக்கக் குழாய் வாயில் செருகியிருக்கும் டிபி கில்லரை மாட்டிய நாளிலிருந்து கழற்றியதில்லை. சோதனை செய்தவரும் சிடுசிடுப்பானவர் இல்லை. குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், "இதில் அனுமதி எண் எங்கே இருக்கிறது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

உங்கள் நிறுவனப் பெயர் வெளிப்பக்கம் முழுக்க லேசரில் பளிச்சென்று இருக்கிறது. எண்ணை மட்டும் காணோம். கடைசியில் அது அகப்பட்ட இடம், சக்கரத்தைப் பார்த்திருக்கும் உள்பக்கம், அதுவும் சைலன்சரைத் தாங்கும் கிளாம்ப் பட்டைக்கு அடியில். அலன் போல்ட்டைத் தளர்த்தி, பட்டையை நகர்த்தி, சூடு ஆறாத குழாயில் விரலைச் சுட்டுக்கொண்டு பார்த்தால், பொடி எழுத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E), பக்கத்தில் நாட்டின் எண், அதற்குப் பின் அனுமதி எண். வண்டியில் மாட்டிய பிறகு யார் கண்ணுக்கும் படாத ஒரு முத்திரையை யாருக்காகக் குத்தியிருக்கிறீர்கள் என்று நிஜமாகவே புரியவில்லை.

சரி, எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணுக்கு உரிய தாள் வேண்டும் என்றார். அது பெட்டியின் அடியில், ஸ்பிரிங்குகளும் கேஸ்கெட்டும் போட்டிருந்த பொட்டலத்துக்குள் எட்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அனுமதி பெற்ற வண்டிகளின் பட்டியல் அதில் இருந்தது. என் வண்டியும் இருந்தது, ஆனால் முந்தைய மாடல் வரைக்கும்தான். என்னுடையது புதிய மாசு விதிக்கு மாறிய பிறகு வந்த வருடம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஸ்டிக்கர் தவிர வித்தியாசம் தெரியாது. உள்ளே ஈசியூவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வேறு. சோதனையில் வண்டி திருப்பி அனுப்பப்பட்டது.

விற்றவரிடம் கேட்டேன். "நாங்கள் போட்டிருக்கும் டிக் பொருந்துமா என்பதற்கு. பொருந்தியதா இல்லையா?" என்றார். பொருந்தியது உண்மைதான், போல்ட் ஓட்டைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. அனுமதி பற்றித் தயாரிப்பாளரைக் கேட்கச் சொன்னார். தயாரிப்பாளர் தரப்போ, விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பது விற்பவர் பொறுப்பு என்று பதில் போட்டது. அப்படியானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்பப் பெற மாட்டார்களாம். தாள் பெட்டிக்குள்ளே இருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் தாளைப் படிக்க முடியாது. தாளைப் படித்தவரிடமிருந்து பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டீர்கள். இதை வடிவமைத்தவர் யாரோ, அவரைச் சைலன்சர் வடிவமைக்கும் பிரிவுக்கு மாற்றினால் நல்ல பொருள் கிடைக்கும்.

பொருந்துவது வேறு, அனுமதி வேறு என்பது தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஐ.நா.வின் 92ஆம் எண் விதிமுறை மாற்றுச் சைலன்சர்களுக்கென்றே இருக்கிறது. அதன்படி தரும் ஒப்புதல் எந்தெந்த வண்டி வகைகளுக்கு என்று குறித்துத்தான் தரப்படுகிறது. வட்டத்துக்குள் இருக்கும் எண் 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி, 4 என்றால் நெதர்லாந்து. ஒப்புதல் எங்கே தரப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. 'ஈ' முத்திரை இருக்கிறது, ஆகவே எந்த வண்டியில் மாட்டினாலும் செல்லும் என்ற நினைப்பு வாங்குகிறவர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த நினைப்பைக் கலைக்க உங்கள் தரப்பில் யாரும் பெரிதாக மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் சத்தம். உங்கள் விளம்பரங்களில் 'கம்பீரமான', 'ஆழமான', 'கர்ஜிக்கும்' என்ற சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எண்ணுக்குத்தான் பஞ்சம். எண் போடுகிற சிலரும் அதை எங்கே நின்று, எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) அளந்தார்கள் என்று சொல்வதில்லை. அது இல்லாத டெசிபல் எண்ணை வைத்து என்ன செய்வது? வண்டியை நிறுத்தி வைத்து அளக்கும்போது மைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி சாய்வில் இருக்கும். உச்ச சக்தி 5000 ஆர்பிஎம்முக்கு மேல் வரும் என்ஜின் என்றால், அந்த ஆர்பிஎம்மில் பாதியில் பிடித்து அளப்பார்கள். ஓட்டிக்கொண்டே அளக்கும் சோதனையில் மைக் ஏழரை மீட்டர் தள்ளி நிற்கும். பைக் சத்தத்துக்கான ஐ.நா.வின் 41ஆம் எண் விதிமுறையின் நான்காம் திருத்த வரிசைப்படி, எடைக்குச் சக்தி அதிகமுள்ள வண்டிகளுக்கு அங்கே வரம்பு 77 டெசிபல். ஒரே வண்டி ஒரு சோதனையில் 77க்குள் நிற்கும், இன்னொன்றில் 90ஐத் தாண்டும். இரண்டும் உண்மையான எண்கள்தான். எது எந்தச் சோதனையுடையது என்று எழுதாவிட்டால், விளம்பரத்துக்கு எது அழகாக இருக்கிறதோ அதுதான் வந்து உட்காரும்.

பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஸ்டியரிங் கழுத்தின் பக்கத்தில் சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் நிறுத்தி வைத்து அளந்த டெசிபலும் அளந்த ஆர்பிஎம்மும் பொறித்திருக்கும். என் வண்டியில் 4250 ஆர்பிஎம் என்று இருக்கிறது. உச்ச சக்தி 8500இல் வருவதால் அதில் பாதி. அதே 4250இல், அதே அரை மீட்டரில், உங்கள் சைலன்சர் என்ன காட்டுகிறது என்று ஒரு எண் கொடுத்தால் போதும். தகட்டையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்து யாரும் முடிவெடுக்கலாம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது; 10 கூடினால் காதுக்கே ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 'கொஞ்சம்தான் கூடும்' என்று தொலைபேசியில் சொல்கிறீர்களே, அந்தக் கொஞ்சம் மூன்றா பத்தா?

டிபி கில்லரோடு அளந்ததா, இல்லாமல் அளந்ததா என்பதும் அந்த வரியிலேயே வர வேண்டும். ஒரே ஒரு போல்ட்டிலோ சர்க்ளிப்பிலோ நிற்கிற துண்டு அது. உங்கள் விளம்பர வீடியோக்களில் கேட்கும் சத்தம் அநேகமாக அது இல்லாத சத்தம். பெட்டியில் வரும் தாள் மட்டும், அதைக் கழற்றினால் அனுமதி செல்லாது என்கிறது. வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார் ஒருவர்; மாட்டியதும் அந்தச் சத்தம் வரவில்லை; எல்-கீயை எடுக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் அந்த வீடியோவை எடுக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: 'ரேஸ் பயன்பாட்டுக்கு மட்டும்'. அலுவலகம் போக வர ஓட்டும் வண்டிகளுக்கு, பின்னால் பெட்டி மாட்டிய டூரிங் வண்டிகளுக்கு, ஏன், ஸ்கூட்டருக்குக்கூட ரேஸ் சைலன்சர் விற்கிறீர்கள். அத்தனை பேரும் ரேஸ் ஓட்டுகிறார்கள் என்றால் ஓடுதளங்களில் இடமே இருக்காது. அந்த வரியை எங்கே எழுதுகிறீர்கள்? பக்கத்தின் கடைசியில், திருப்பி அனுப்பும் விதிகளுக்கும் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில். ஓடுதளத்துக்கென்று சைலன்சர் செய்வதில் தவறே இல்லை. அது ஓடுதளத்துக்கு மட்டும் என்பதை, பொருளின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விஷயமும் இப்படித்தான். என்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்பிலேயே கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியில் ஸ்லிப்-ஆன் மாட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. சைலன்சர் டப்பாவுக்குள்ளோ அதை இணைக்கும் லிங்க் பைப்பிலோ இருந்தால் அதோடு சேர்ந்து போய்விடும். என்ஜினிலிருந்து டப்பா வரை மொத்தமும் மாற்றும் ஃபுல் சிஸ்டம் என்றால் பல நேரம் மொத்தமாகவே இல்லை. கன்வெர்ட்டர் இருக்கிறதா, போகிறதா? ஒரே சொல்லில் முடிகிற பதில் இது. 'எடையில் பாதி குறைகிறது' என்று பெருமையாக எழுதுகிற இடத்தில், குறைந்த எடையில் கன்வெர்ட்டரும் அடக்கம் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

எடை குறைவது நிஜமான லாபம், அதை மறுக்கவில்லை. குதிரைத்திறன் கணக்குதான் இடிக்கிறது. ஈசியூவைத் தொடாமல் ஸ்லிப்-ஆன் மட்டும் மாற்றினால் கிடைப்பது சொற்பம். அதுவும் உச்ச ஆர்பிஎம்மில். தினசரி ஓட்டும் நடு ஆர்பிஎம்மில் டார்க் (இழுவிசை) குறையவும் செய்யலாம். டைனோவில் (என்ஜின் சக்தியை அளக்கும் எந்திரம்) வந்த வரைபடக் கோட்டை வெளியிடுகிறவர்கள் கம்பெனி சைலன்சரின் கோட்டையும் அதே படத்தில், கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே போட்டால் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். மேல்நுனியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட வேண்டாம்.

'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று 51 மில்லிமீட்டர் வாயோடு விற்கிறீர்களே, அதைப் பற்றி மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். அடாப்டர் வளையமும் கிளாம்ப்புமாக இறுக்கிய இணைப்பில் இடைவெளி இருந்தால், த்ராட்டிலை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கும். அந்தக் கசிவு ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்துவிட்டாலோ, வெளிக்காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று சென்சார் தவறாகச் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். வண்டிக்காரர் மைலேஜ் போச்சு என்று கார்புரேட்டர் காலத்து வைத்தியமெல்லாம் செய்து பார்ப்பார். செருப்புக்குக்கூட அளவு எழுதித்தான் விற்கிறார்கள். குழாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எழுத ஒரு வரி போதாதா?

இன்னும் கொட்ட எவ்வளவோ இருக்கிறது. சாதா ஸ்டீலுக்கு நீலமும் ஊதாவும் சாயம் ஏற்றி டைட்டானியம் என்று விற்பது. உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு நாளடைவில் கரிந்து பறந்து சத்தம் ஏறும், அதை மாற்ற வேண்டும் என்பதை வாயே திறக்காமல் விடுவது. டப்பாவை ரிவெட் அடித்து மூடிவிட்டு, பஞ்சு மாற்றும் கிட்டைத் தனியாக விற்பது. பிறகு, சைலன்சர் மாற்றிய வண்டி என்றாலே எல்லோரையும் ஒரே கண்ணோடு பார்க்கும் பெரியவர்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தவர் எவரோ, பேச்சு வாங்குவது முறைப்படி மாட்டிய நாங்கள். கோபம் வருகிறது, வேறு பக்கம் போகிறேன். மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

மரியாதையோடு திரும்பவும் கேட்கிறேன். விலைக்குப் பக்கத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: என் மாடல் வருடத்துக்குச் சாலை அனுமதி உண்டா, இல்லையா, அனுமதி எண், நிறுத்தி வைத்து அளந்த டெசிபலும் ஆர்பிஎம்மும், அப்போது டிபி கில்லர் இருந்ததா, கன்வெர்ட்டர் மிஞ்சுகிறதா. ஒப்புதல் தாளைப் பெட்டிக்கு உள்ளே வைப்பதோடு, வாங்குவதற்கு முன் படிக்கும்படி பொருளின் பக்கத்திலும் போடுங்கள். முத்திரையை வெளிப்பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் பெயரை ஓர் அங்குலம் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும். அனுமதி இல்லாத பொருளை 'இல்லை' என்று எழுதியே விற்கலாம், அது தேவைப்படுகிறவர் வாங்கிக்கொள்ளட்டும்.

இந்த விவரங்கள் உங்களிடம் இல்லாமல் இருக்க வழியில்லை. ஒப்புதல் வாங்கியிருந்தால் அளந்துதான் வாங்கியிருப்பீர்கள். ஆகவே புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. இருக்கும் தாளில் இருப்பதைத் தட்டச்சு செய்யத்தான் கேட்கிறேன்.

என் சைலன்சரைப் பொறுத்தவரை, அந்தப் பச்சை டிக்கை நம்பி வாங்கியதால், திரும்ப எடுத்துக்கொள்ளும்படி விற்றவரை மறுபடி கேட்டிருக்கிறேன். அதற்கான பதிலை அவர் எனக்கு எழுதட்டும். இந்த மடலுக்கான பதிலை மட்டும் தயவுசெய்து எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் விற்பனைப் பக்கங்களிலேயே போட்டுவிடுங்கள், அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓட்டும் ஒரு வாடிக்கையாளர்