கையெழுத்துப் போடுவதற்கு முன், அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி போனில், உன் பையன் சேரப்போகும் படிப்பைப் பற்றி நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டெக்னாலஜியும் எஞ்சினியரிங்தானேடா?" என்றாய். "கிட்டத்தட்ட" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கிட்டத்தட்டவுக்குள் கொஞ்சம் பணக்கணக்கு இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சிலரும் கேட்டார்கள், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

படிப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. கணக்கும் தியரியும் குறைவு, லேப் அதிகம். எங்கள் பிளான்ட்டில் லைன் நின்றுபோனால் முதலில் தேடுவது இதைப் படித்தவர்களைத்தான். மிக்சியைப் பிரித்துப் போட்டு, நீ வருவதற்குள் பூட்டி வைத்தவன் உன் பையன். அவனுக்குப் பொருந்தும்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஏபெட் என்ற அமைப்பு எஞ்சினியரிங் படிப்புகளை ஒரு குழுவை வைத்தும், டெக்னாலஜி படிப்புகளை வேறொரு குழுவை வைத்தும் அங்கீகரிக்கிறது. பி.இ. (புரொஃபஷனல் எஞ்சினியர்; நம் ஊர் பி.இ. பட்டம் இல்லை) என்கிற தொழில் உரிமம் வாங்க, சில மாநிலங்கள் டெக்னாலஜி பட்டத்தை ஏற்பதில்லை. சில மாநிலங்கள் கூடுதல் வருட அனுபவம் கேட்கின்றன. மத்திய அரசின் எஞ்சினியர் வேலைகளுக்கும் இந்தப் பட்டம் மட்டும் நேரடியாகப் போதாது. தொழிற்சாலை வேலைக்கு உரிமம் பெரும்பாலும் தேவைப்படாது என்பதால் இதற்காக நான் பயப்படவில்லை. பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சம்பளம். தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்கில் மெக்கானிக்கல் எஞ்சினியர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல். டெக்னாலஜிஸ்ட், டெக்னீஷியன் என்ற பிரிவுக்கு எழுபதாயிரத்தை ஒட்டி. இதைப் பார்த்து மிரளாதே. அந்தப் பிரிவில் இரண்டு வருடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். நான்கு வருடம் முடித்தவர்களில் நிறையப் பேர் எஞ்சினியர் என்ற பதவியிலேயே சேர்ந்து மேலே உள்ள கணக்கில் வந்துவிடுகிறார்கள். அதனால் கல்லூரிவாரியாகச் சம்பளமும் கடனும் காட்டும் அரசாங்கத்தின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளத்தில் அதே கல்லூரி, அதே படிப்பு என்று தேடிப் பார். அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. படிப்புவாரியாகக் காட்டும் கடன் தொகை மாணவர் பெயரில் உள்ளது மட்டும். பெற்றோர் வாங்கிய கடன் அதில் சேராது.

எனக்கு உறுத்துவது அந்தப் பெற்றோர் கடன்தான். பையன் தன் பெயரில் மத்திய அரசுக் கடனாக முதல் வருடம் 5,500 டாலர், அடுத்து 6,500, பிறகு வருடத்துக்கு 7,500 வாங்கலாம். நான்கு வருடத்தில் 27,000. 2025-26இன் 6.39 சதவீத வட்டியில், பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 305 டாலர் வாக்கில். படிக்கும்போதே ஏறும் வட்டி தனி. முதல் வேலையிலேயே தாங்கிவிடுவான்.

மிச்சத்துக்கு வருடம் 16,000 டாலர், மத்திய அரசு பெற்றோருக்குத் தரும் பேரன்ட் பிளஸ் கடனில் நீயும் மாமாவும் எடுப்பதாகச் சொன்னாயே, அதன் வட்டி அதே வருடத்துக்கு 8.94 சதவீதம். கையில் வருவதற்கு முன்பே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வருடத்துக்கு 64,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் 800 டாலருக்கு மேல். அது உங்கள் கடன். பின்னால் அவன் பெயருக்கு மாற்ற முடியாது. மாமா ரிட்டயர் ஆகும் வயதைக் கூட்டிப் பார்த்துக்கொள்.

இத்தனைக்கும் இந்தப் படிப்பை இரண்டு தவணையாகப் படிக்கலாம். இரண்டு வருட டெக்னாலஜி பட்டத்துக்கே ஏபெட் அங்கீகாரம் உண்டு. கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில் அதை முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குப் பல இடங்களில் ஒப்பந்தமே இருக்கிறது. எஞ்சினியரிங்கில் இது இவ்வளவு சுலபமாக அமைவதில்லை. டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தபடியே மீதியைப் படித்தால், கம்பெனி தரும் படிப்புச் செலவில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. எங்கள் பிளான்ட்டில் இப்படிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். முடிக்க ஆறு வருடம் ஆனது, தூக்கம் கெட்டது, உண்மைதான். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் பிளஸ் கடன் கட்டவில்லை.

"கம்யூனிட்டி காலேஜா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று மாமா கேட்பார். அந்த நாலு பேரில் ஒருவராவது மாதம் 800 டாலர் தருவாரா என்று கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

திங்கட்கிழமை அவனையே பல்கலைக்கழகத்துக்கு மெயில் போடச் சொல். கம்யூனிட்டி காலேஜிலிருந்து படித்த பாடங்களுக்கு எத்தனை கிரெடிட் ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கட்டும். பதில் வரும்வரை பிளஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே. வந்ததும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
தம்பி