சர்க்கஸ் மேக்சிமஸ் மாடலில் கைவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை இரவு, கம்ப்யூட்டரில் நான் கட்டிவந்த முப்பரிமாண மாடலின் கடைசி ரெண்டர், அதாவது இறுதிப் படமாக்கம், முடிந்தது. மூன்று வருஷமாக வேலைவிட்டு வந்து உட்கார்ந்த இரவுகளெல்லாம் சேர்ந்து, பழைய ரோமின் தேர்ப்பந்தய மைதானமான சர்க்கஸ் மேக்சிமஸ் திரையில் எழுந்து நிற்கிறது. பாலடைன் குன்றுக்கும் அவென்டைன் குன்றுக்கும் நடுவே, பேரரசர் டிராஜன் பொ.ஆ. 103 வாக்கில் புதுப்பித்துக் கட்டினாரே, அந்த வடிவம். இன்றைக்கு அந்த இடத்துக்குப் போனால் புல்தரையும், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும், வளைந்த முனையில் கொஞ்சம் செங்கல் சுவரும்தான் கண்ணில் படும். மிச்சத்தை ஊகித்துத்தான் கட்ட வேண்டும். என் ஊகம் எவ்வளவு மோசம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நன்றி மடல் என்றால் யார் என்ன கொடுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதியில்தான் உறைத்தது: நீங்கள் கொடுத்ததைவிட, மாடலிலிருந்து எடுக்கச் சொன்னவைதான் அதிகம். ஆகவே எடுத்தவற்றுக்கே நன்றி சொல்கிறேன்.

முதலில் ஃபாதருக்கு. குருமடத்தில் பல வருஷம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். கல்வெட்டு வரிகளைச் சரிபார்க்கத்தான் அவரிடம் போனேன். என் லேப்டாப்பை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, இது எந்த வருஷம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மைதானத்தின் நடுவே ஓடும் நீண்ட திண்ணையில் எகிப்துத் தூண்கள் இரண்டை நிறுத்தியிருந்தேன். பார்த்த ஓவியங்களில் இரண்டு இருந்தன, நானும் இரண்டு வைத்தேன். சின்னதைப் பேரரசர் அகஸ்டஸ் பொ.ஆ.மு. 10-இல் கொண்டுவந்தார். பெரியதைப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் கொண்டுவந்தது பொ.ஆ. 357-இல். டிராஜன் காலத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டரை நூற்றாண்டு! பெரிய தூணை அன்றைக்கே தூக்கினேன். அடுத்த வாரம் போனால், "மைதானத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டியிருக்கிறாயே, அதை நீரோ தூர்த்துவிட்டானே" என்றார். ஜூலியஸ் சீசர் வெட்டிய அகழி அது. குதிரை வீரர் வகுப்பு எனப்பட்ட மேல்தட்டினருக்கு இருக்கை போட நீரோ அதை மூடிவிட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறாராம். தண்ணீரைத் திரையில் தண்ணீராகக் காட்டும் ஷேடர் நிரலுக்கு மட்டும் நான் பதினோரு நாள் செலவழித்திருந்தேன். ஃபாதரிடம் அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் அவர் செய்த பெரிய உதவி வேறு. அகஸ்டஸ் தூணின் பீடத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. எகிப்தை ரோமானிய மக்களின் ஆட்சிக்குள் கொண்டுவந்த பின் இதைச் சூரியனுக்குக் கொடையாகத் தந்தார் என்று முடியும். அந்த எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "மை ஒற்றுகிற தாளில் பார்க்கிற மாதிரி இருக்கிறதே" என்றார். எழுத்து மட்டுமல்ல, மைதானமே இடவலமாகப் புரண்டிருந்தது! ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஏதோ ஓர் அச்சில் கழித்தல் குறி விழுந்திருக்கிறது. குன்றுகளைத் தனியாக ஏற்றியிருந்ததால் அவை சரியாக நின்றன. மைதானம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால் இரண்டு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை. என் தேர்கள் எல்லாம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. ரோமானியர் ஓட்டியது இடப்பக்கமாக.

புறப்படும் கூண்டுகளும் அதோடு சேர்ந்து புரண்டிருந்தன. மொத்தம் பன்னிரண்டு கூண்டு. அவற்றை நேர்க்கோட்டில் வைக்காமல் வளைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். திண்ணைக்கு வலப்பக்கம் உள்ள ஓடுபாதைக்கு எந்தக் கூண்டிலிருந்து கிளம்பினாலும் தூரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான். பந்தயத்தை நடத்துபவர் மேலிருந்து வெள்ளைத் துணியைப் போட்டதும் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். என் மாடலில் சாய்வு எதிர்ப்பக்கம், இடப்பக்க ஓடுபாதையைப் பார்த்து இருந்தது.

குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. லத்தீனும் ரோமும் அவருக்குத் தெரியாது, குதிரை தெரியும். நான்கு குதிரை பூட்டிய தேர் முனையில் திரும்பும் அனிமேஷனைக் காட்டினேன். டீக்கடையில் நான்கு கிளாஸை வரிசையாக வைத்தார், சர்க்கரை டப்பாவை இடப்பக்கம் வைத்தார், கிளாஸ்களை அதைச் சுற்றி நகர்த்தினார். உள்ளே இருந்த கிளாஸ் நின்ற இடத்திலேயே கிட்டத்தட்டச் சுழன்றது. வெளிக் கிளாஸ் மேஜையின் ஓரம்வரை போய், டீ கொஞ்சம் சிந்தியது. "உன் குதிரை நாலும் ஒரே தாளத்துல ஓடுது பாரு. இடது குதிரை மிரண்டா வண்டி காலி." அதைத்தான் ரோமானியரும் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது: நடு இரண்டும் நுகத்தில், ஓரம் இரண்டும் வெறும் கயிற்றில், பந்தயத்தின் தலையெழுத்து இடது ஓரக் குதிரையின் கையில். கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள், தேர் கவிழ்ந்தால் அறுத்துக்கொள்ள ஒரு வளைந்த கத்தி வைத்திருப்பார்கள் என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. டியோக்ளிஸ் என்ற ஓட்டி 24 வருஷத்தில் 4,257 பந்தயம் ஓடி 1,462 ஜெயித்தான் என்றதும்தான் வாய் திறந்தார். "மூணுக்கு ஒண்ணு. நல்ல கணக்கு."

மச்சான் சிவில் இன்ஜினியர். அவர் எடுத்தது ஆயிரக்கணக்கான ஆட்களை. பிளினி 2.5 லட்சம் பேர் என்கிறார், அகஸ்டஸ் காலத்தில் எழுதிய டயோனிசியஸ் 1.5 லட்சம் என்கிறார். நான் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டேன், யாருக்குத்தான் ஆசை இருக்காது! மச்சான் ஒரு கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஆளுக்கு 40 செ.மீ., மாடலில் ஒரு வரிசையின் சராசரி நீளம் 1,300 மீட்டர், ஆக வரிசைக்கு 3,250 பேர். 1.5 லட்சத்துக்கு ஏறக்குறைய 46 வரிசை போதும். 2.5 லட்சம் என்றால் 77 வரிசை. "எழுபத்தேழு வரிசை ஏத்தினா மேல உக்காந்தவன் தேரைப் பார்க்க மாட்டான், மேகத்தைத்தான் பார்ப்பான்" என்று கவரை என்னிடமே கொடுத்துவிட்டார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரோமில் படிக்கும் தம்பிக்கு. சிர்க்கோ மாஸ்ஸிமோ மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, அந்தப் புல்வெளியைப் போனில் வீடியோ எடுத்தபடி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தவன். கிட்டத்தட்ட 600 மீட்டர், ஆகஸ்ட் வெயிலில். வளைந்த முனையில் நிற்கும் கோபுரத்தை ரோமானியக் கட்டடம் என்று நம்பி மாடலில் சேர்த்திருந்தேன். இவன் அங்கிருந்த பலகையைப் படித்துவிட்டு, "அண்ணா, இது இடைக்காலத்துக் கோபுரம், பக்கத்துல மாவு அரைக்கிற மில் இருந்துச்சாம்" என்று செய்தி அனுப்பினான். அதுவும் போனது. பதிலுக்கு ஒன்றைச் சேர்க்க வைத்தான்: கழிப்பறை. அகழாய்வில் அந்த முனையில் கடைகளும் கல் பாவிய தெருவும் கழிப்பறையும் கிடைத்திருக்கின்றன. லட்சம் பேர் கூடுகிற இடத்தைக் கட்டிவிட்டு இதை மறந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைகளின் வாசல் அகலத்தை அளக்க அவனிடம் டேப் இல்லை, செருப்பை வைத்து அளந்து அனுப்பினான்.

நாணயம் சேர்க்கும் அக்கா டிராஜன் வெளியிட்ட வெண்கல நாணயத்தின் படத்தை அனுப்பினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டத்தில் மைதானம் முழுவதும் இருக்கிறது: வளைவுகள் கொண்ட முகப்பு, தூண், திரும்புமுனைக் கூம்புகள். "செதுக்கினவர் இன்ஜினியர் இல்லை, வளைவுகளை எண்ணாதே" என்று எச்சரித்தார். எண்ணிவிட்டேன், மன்னியுங்கள்.

முகம் தெரியாத சிலருக்கும். 203-க்கும் 211-க்கும் இடையில் ரோம் நகரத்தை 1:240 அளவில் வரைபடமாகச் சலவைக்கல்லில் செதுக்கி ஒரு சுவரில் பதித்தார்கள். இன்று பத்தில் ஒரு பங்குதான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது, அதில் நம் மைதானத்தின் வளைந்த முனையும் இருக்கிறது. அந்தத் துண்டுகளை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி வைத்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

இரண்டாம் வருஷம் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, சரிசெய்யக் கொடுத்த கடையில் எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார்கள். என்னிடமிருந்து எப்போதோ வாங்கிய காப்பியை அழிக்காமல் வைத்திருந்த ஆபீஸ் நண்பனே, உன் சோம்பேறித்தனம் வாழ்க. கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனைவிக்கும், சர்க்கஸ் என்றதும் "யானை எங்கேடா?" என்று கடைசிவரை கேட்ட அம்மாவுக்கும் நன்றி. பந்தயத்துக்கு முந்தைய ஊர்வலத்தில் யானை வந்ததுண்டு என்று ஃபாதர் சொல்கிறார். பார்க்கலாம் அம்மா.

மேல் அடுக்கை இன்னும் சாம்பல் நிறத்தில்தான் விட்டிருக்கிறேன். ஆதாரம் இல்லாத இடத்துக்கு டெக்ஸ்சர் (கல், செங்கல் போன்ற மேற்பரப்புத் தோற்றம்) போடக் கூடாது என்பது ஃபாதரின் உத்தரவு. படிக்கட்டுகள் எங்கே முடிந்தன என்பதில் மச்சானுக்கும் எனக்கும் இன்னும் சண்டை. தம்பி அடுத்த மாதம் அந்த வளைந்த முனைக்கு மறுபடி போகிறான். ஊருக்கு வந்திருந்தபோது அவன் பையில் 30 மீட்டர் டேப் ஒன்றை வைத்து அனுப்பினேன்.

அன்புடன்,
உங்கள் சர்க்கஸ்காரன்