விண்டோஸ் அடிக்கக் கொடுக்காதே, கொஞ்சம் பொறு

கல்லடி
ஆடி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் திவசம் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் மனது ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் ஏ.எல். படிப்பில் மூழ்கிக் கிடக்கிறாள். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, பகலில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. மாமாங்கக் கோயிலில் கொடி ஏறிவிட்டது. உங்கள் திருக்கோவிலிலும் அதே ஆடி அமாவாசையில்தான் தீர்த்தம் என்பதால் இந்த வருஷமும் நீ இங்கே வர வழியில்லை, நானும் அங்கே வர வழியில்லை. தீர்த்தம் முடிந்த கிழமை கட்டாயம் வருவேன்.

சரி, கொம்பியூட்டர் விஷயம். மகன் படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்து, தானாகத் திரும்ப எழும்புகிறது என்கிறாய். கடையில் விண்டோஸைத் திரும்ப அடித்தால், அதாவது அழித்துப் புதிதாகப் பதிந்தால், சரி வரும் என்று சொல்லி, அடுத்த கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான், தயவுசெய்து உடனே கொண்டுபோகாதே. அம்மாவின் கடைசிக்காலப் படங்கள் எல்லாம் அந்த டெஸ்க்டொப்பில்தானே கிடக்கின்றன? சி டிரைவை அழித்து விண்டோஸ் அடித்தால் டெஸ்க்டொப்பில் உள்ளதும் டொக்யுமென்ட்ஸில் உள்ளதும் சேர்ந்தே போய்விடும். இன்றைக்கே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ படங்களைப் பிரதி எடுத்து வை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்குத் தெரிந்தவரை, தானாக ரீஸ்டார்ட் ஆகும் மெஷினில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: விண்டோஸ் தானே விழுந்து எழும்புகிறதா, அல்லது விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் அறுகிறதா? இந்த இரண்டும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும். ஏனென்றால், விண்டோஸ் விழும்போது பிழையைக் காட்டும் நீலத்திரை வந்தாலும் உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடும்படிதான் விண்டோஸை அமைத்திருக்கிறார்கள். திரையில் உள்ளதை வாசிக்க நேரம் கிடைக்காது. ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திற. 'ஸ்டார்ட்அப் அன்ட் ரிகவரி' என்ற பகுதியின் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிடு. இனி விழுந்தால் நீலத்திரை அப்படியே நிற்கும். மகனிடம் சொல்லிப் போனில் ஒரு படம் எடுக்கச் சொல். நீலத்திரையே வராமல் பட்டென்று கறுத்துப் போனால் கரண்ட், சூடு, ராம் என்ற நினைவகத் தகடு, மதர்போர்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மெஷின் தொடங்கும்போது டிலீட் கீயையோ எஃப்2 கீயையோ தட்டி, விண்டோஸ் தொடங்க முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய், அந்தத் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுவிடு. அங்கே விண்டோஸ் ஓடுவதே இல்லை. அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால், எத்தனை முறை விண்டோஸ் அடித்தாலும் பயனில்லை என்பது உறுதி. ஆகாவிட்டால் மட்டும் அவசரப்பட்டு விண்டோஸில் பழி போடாதே. பயோஸில் மெஷினுக்கு வேலை குறைவு, பலவீனமான பவர் சப்ளைகூட (வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) அங்கே தாக்குப் பிடிக்கும்.

நடந்ததை விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிவப்பாக 'கேர்னல் பவர் 41' என்று இருக்கும். அதைக் கண்டதும் பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சொல்வது, போன முறை மெஷின் முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டும்தான். அதைத் திறந்து டீட்டெய்ல்ஸில் 'பக்செக் கோட்' என்ற பிழை எண் வரியைப் பார். 0 என்று இருந்தால் விண்டோஸ் ஒன்றும் எழுதிவைக்க முன்னமே எல்லாம் நின்றிருக்கிறது. வேறு எண் இருந்தால் அதைக் குறித்து எனக்கு அனுப்பு. ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் 41 இல்லாமல் '1074' என்ற பதிவு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், அது அப்டேட்டோ யாராவதோ கேட்டு நடந்த ரீஸ்டார்ட்.

என் ஊகம் கரண்ட் பக்கம்தான். கச்சான் தொடங்கிய பிறகுதான் கூடியது, மத்தியானத்தில்தான் அதிகம் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் வீடும் என் வீட்டைப் போல கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் பிளக்கின் கால்கள் பச்சை பிடிக்கும், எக்ஸ்டென்ஷன் கோட்டின் உள்தகடுகள் தளரும். உருண்டைக் கால் பிளக்கை அடாப்டர் வைத்துச் சதுர ஓட்டைக்குள் சொருகியிருந்தால் இன்னும் மோசம். கையால் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அன்றைக்கே மாற்று. மெஷினைக் கொஞ்ச நாளைக்கு நேரே சுவர் பிளக்கில் போட்டுப் பார்.

பவர் சப்ளைக்கும் வயது இருக்கிறது. நல்ல நிலையில் உள்ளது, கரண்ட் நின்றாலும் சுமார் 16 மில்லிசெக்கன் தாங்கும். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவுதான், ஆனாலும் அந்த இடைவெளியில்தான் சின்னச் சின்ன வெட்டுகளைத் தாண்டிவிடும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் பழுதாகும்போது அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். வீட்டு லைட் லேசாக மினுங்கும்போது மெஷின் மட்டும் விழுந்து எழும்பினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வயர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்டினால் நல்லது என்பார்கள். ஆனால் நொடிக்குள் வந்து போகும் சரிவை மீட்டர் பிடிக்காது. நல்லதென்று தெரிந்த ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் திறக்காதே, பிளக்கை இழுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

சூட்டையும் விடக்கூடாது. பிளக்கைக் கழற்றி, மெஷினின் பக்கத் தகட்டைத் திறந்து, பிராசசருக்கு மேல் உள்ள ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊது. பிடிக்காவிட்டால் ஃபேன் வேகமாகச் சுற்றிப் பழுதாகலாம். திறந்த கையோடு ராமைக் கழற்றி, பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்ப இறுக்கிப் போடு. இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டு, பிறகு மற்றதை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று மச்சான். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாமலே போகும்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டன, அதனால் ஒருநாள் மாறத்தான் வேண்டும் என்று கடையில் சொல்வது சரி. அதை ஆறுதலாகச் செய்யலாம். ரீஸ்டார்ட் ஆகிற மெஷினில் செய்யக்கூடாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் அரைகுறையாக நிற்கும்.

மகனிடம் ஒரு கொப்பியைக் கொடு. எத்தனை மணி, என்ன வேலை நடந்தது, லைட் மினுங்கியதா, நீலத்திரை வந்ததா என்று ஒவ்வொரு முறையும் எழுதட்டும். அந்தக் கொப்பியும் பக்செக் எண்ணும் இருந்தால் எனக்குப் போதும். என்னிடம் நல்ல பவர் சப்ளை ஒன்று சும்மா கிடக்கிறது, வரும்போது எடுத்து வருகிறேன். அதுவரை படங்களின் பிரதியை அலுமாரியில் பத்திரமாக வை. மாமியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கல்லடி மச்சான்