குழாய் வாயை முதலில் துடை

தஞ்சாவூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள குமரா,

எங்கள் மோட்டார்ஹோமை, அடுப்பும் கட்டிலும் கழிவறையும் உள்ள அந்த வண்டியை, நீங்கள் இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் ஓட்டிப்போகும் முன் நீ அப்பாவுக்கு அனுப்பிய கேள்விப் பட்டியலை நானும் படித்தேன். டோல் எவ்வளவு, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும், சைக்கிள் ஸ்டாண்ட் எத்தனை கிலோ தாங்கும் என்று பதினெட்டுக் கேள்விகள். தண்ணீரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நீ எங்களோடு வந்த நாட்களில் எல்லாம் குழாயைத் திருப்பினால் தண்ணீர் வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று நீ ஏன் யோசிக்கப் போகிறாய்? வண்டி ஓட்டுவது அப்பா, தண்ணீர் என் இலாகா. பாட்டியை விட்டு நகர முடியாததால் இந்த முறை கூட நின்று காட்டித்தர வழியில்லை, எழுதித்தான் ஆகவேண்டும். மீராவையும் படிக்கச் சொல். நீ பாதியில் விட்டுவிடுவாய்.

முதலில் எடை. வண்டியின் டேங்க் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. வண்டிக்கு அனுமதி மொத்தமே 3,500 கிலோ, உன் லைசென்ஸும் அதோடு நின்றுவிடும். 1997-க்கு முன்பே லைசென்ஸ் எடுத்த அப்பாவின் கதை வேறு, அவர் இதைவிடக் கனமான வண்டியும் ஓட்டலாம். இரண்டு சைக்கிள், பாப்பாவின் மூட்டை, மீரா விடாப்பிடியாக ஏற்றப்போகும் குக்கர், அரிசி எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். அதனால் வீட்டிலிருந்து கால் டேங்க் போதும். டோவரில் படகு ஏறி, பிரான்சின் காலே துறைமுகத்தில் இறங்கி, முதல் ராத்திரி தங்கும்வரை டீக்கும் கை கழுவவும் அது வரும். மிச்சத்தை அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

சிக்கனமாக இருந்தால் எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து லிட்டர் ஆகிறது. பக்கத்து வண்டி ஜெர்மன்காரர்கள் அதற்கும் குறைவாகச் செலவழிப்பார்கள். அவர்கள் அரிசி களைவதில்லையே. நான் களைந்த முதல் தண்ணீரில் எண்ணெய்ப் பாத்திரத்தை ஊறவைத்துவிடுவேன், அதிலேயே பாதி வேலை முடியும். மூன்று வயதுக் குழந்தையோடு போகும் நீங்கள் இரண்டு நாளுக்கு ஒரு டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு காட்டும் அந்த நாலு விளக்கை நம்பாதே. மூன்று எரியும், மூன்று எரியும், திடீரென்று ஒன்றும் இருக்காது. பாதி ஆனதுமே அடுத்த குழாயைத் தேடு.

பிரான்சில் தேடுவது சுலபம். சின்னச் சின்ன ஊர்களில்கூட இந்த வண்டிகளுக்கென்று நகராட்சி ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். 'ஏர்' என்பார்கள், நம் கலப்பை இல்லை. அங்கே இடுப்பளவு உயரத்தில் ஓர் இயந்திரம் நிற்கும். சில ஊரில் இலவசம், பல ஊரில் இரண்டு யூரோ போல ஆகும். அதற்கு 100 லிட்டர், அல்லது பத்து நிமிடம். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். முதல் தடவை காசைப் போட்டுவிட்டு ஹோஸைப் பிரிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் தரையில் ஓட, மரை பொருந்தாமல் நான் போராட, ஆறு நிமிடம் போய்விட்டது. இரண்டாவது காசைப் போட்டு அவசரத்தில் மின்சாரத்துக்கான பொத்தானை அழுத்தினேன். பின்னால் நின்ற பிரெஞ்சுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தார், நல்ல மனிதர். ஆகவே ஹோஸைக் குழாயில் மாட்டி முடித்து, டேங்க் மூடியும் திறந்தபிறகுதான் காசு.

சில இயந்திரம் காசு வாங்காது, 'ஜெட்டோன்' என்று ஒரு வில்லைதான் கேட்கும். அதைச் சுற்றுலா அலுவலகத்திலோ ரொட்டிக்கடையிலோ விற்பார்கள். பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினால் இரண்டு மணிவரை யாரும் வரமாட்டார்கள். திங்கட்கிழமை பல ஊரில் ரொட்டிக்கடையே திறக்காது. கிடைக்கும்போது இரண்டு வில்லையாக வாங்கு.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான், நகராட்சி சோதித்து அனுப்புவது. கெடுவது கடைசி ஒரு முழத்தில், குழாயின் வாயிலும் நம் ஹோஸிலும்.

டோர்டோன் பக்கம் ஓர் ஊர். எங்களுக்கு முன்னால் ஒருவர் கழிவறைக் கேசட்டை, அதாவது வண்டிக் கழிவறையின் கழிவு சேரும் பெட்டியை, காலி செய்தார். அதை அலச இயந்திரத்தின் மறுபக்கம் தனிக் குழாய் இருக்கிறது, எழுதியும் போட்டிருக்கிறது. அவரோ குடிநீர்க் குழாயின் வாயைக் கேசட்டின் மூக்குக்குள்ளேயே செருகித் தண்ணீர் விட்டு, குலுக்கி, ஊற்றிவிட்டு, 'போன் ழூர்னே' என்று எங்களுக்கு நல்வாழ்த்தும் சொல்லிப் போனார். அடுத்த ஆள் நாங்கள்! அன்றைக்குப் பிடிக்காமலே கிளம்பிவிட்டோம். ஆனால் யோசித்துப் பார், நாங்கள் வந்து சேர ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தால் சந்தோஷமாக ஹோஸை மாட்டியிருப்போம்.

அன்றிலிருந்து தெளிப்பான் பாட்டிலில் மில்டன் என்ற கிருமிநாசினியைக் கரைத்து வைத்திருக்கிறேன். நீ குழந்தையாக இருந்தபோது உன் பால் பாட்டிலை ஊறவைத்த அதே மில்டன்தான். குழாயின் வாயில் உள்ளும் புறமும் அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, காகிதத்தால் துடைத்துவிடு. பிறகு தண்ணீரைச் சற்று ஓடவிட்டுத்தான் ஹோஸ். காசு இயந்திரத்தில் இந்தத் துடைப்பையும் காசு போடும் முன்பே முடித்துவிடு. அங்கே ஹோஸை மாட்டிக் காசு போட்டபின், முதல் தண்ணீரை ஹோஸ் வழியே ஒரு வாளியில் விட்டு, அதைக் கால் கழுவ வைத்துக்கொள்.

நீல ஹோஸ் குடிதண்ணீருக்கானது. கேரேஜில் கிடக்கும் பச்சைத் தோட்ட ஹோஸை எடுத்துப் போகாதே. அது வெயிலில் கிடந்தால் தண்ணீர் பிளாஸ்டிக் நாறும், உள்ளே பாசியும் பிடிக்கும். பிடித்து முடித்ததும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று மாட்டிச் சுருட்டு. பூச்சி புகாது. யாராவது ஹோஸ் இரவல் கேட்டால் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தண்ணீர் இல்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது. ஆனாலும் நான் கொடுப்பதில்லை.

பலகையையும் படிக்கப் பழகு. பிரெஞ்சில் 'ஓ பொட்டாப்ல்' என்றால் குடிக்கலாம். 'நோன்' சேர்ந்தால் கூடாது. தண்ணீருக்கு மூன்று உயிரெழுத்தை வரிசையாக எழுதிவிட்டு 'ஓ' என்று வாசிப்பார்கள், அதைக் கண்ணால் அடையாளம் வைத்துக்கொள். ஸ்பெயினில் 'ஆகுவா பொடாப்ளே', தடை என்றால் நடுவில் 'நோ'. சூரிக்கில் 1,200-க்கும் மேற்பட்ட தெருக் குழாய்கள் இருக்கின்றன, தடைப் பலகை இல்லாவிட்டால் குடிக்கலாம். அந்தப் பழக்கத்தை வேறு ஊரில் வைத்துக்கொள்ளாதே. பலகை இல்லாத குழாய் பாத்திரம் கழுவக்கூட வேண்டாம், ஏனென்றால் அதுவும் ஒரே டேங்க்குக்குள்தான் போகிறது. பாப்பா குடிக்க மட்டும் கடையில் ஐந்து லிட்டர் கேன் வாங்கு. ஸ்பெயினில் கைப்பிடியோடு எட்டு லிட்டரே கிடைக்கும்.

அப்புறம் கல்லறைத் தோட்டம். பிரான்சில் பெரும்பாலும் எந்தக் கல்லறைத் தோட்டத்திலும், பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் பாட்டில் நிரப்புவதே அங்கேதான். அப்பா முதல் தடவை சொன்னபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். சுடுகாட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டு உள்ளே வருகிற குடும்பம், அங்கிருந்தே குளிக்கத் தண்ணீர் எடுத்து வருவதா? 100 லிட்டர் பிடிப்பது மரியாதையும் இல்லை, யாரோ தன் தாயைப் பார்க்க வந்திருப்பார். ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள் இயந்திரம் பழுது, டேங்க் காலி, அப்பா தூக்கம். நான் பூவாளியை எடுத்துக்கொண்டு போனேன். பலகையில் 'நோன்' இல்லை. அங்கே செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம் சைகையால் கேட்டேன், அவரே திறந்துவிட்டார். இரண்டு நடை. அன்று மாலைக் காபி அதில்தான். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, நீயும் சொல்லாதே.

மலைப்பக்கம் குளிர்ந்த ராத்திரி வந்தால் ஒன்று கவனி. பாய்லரில் ஒரு வால்வு இருக்கிறது. வெப்பம் 3 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால், உறைந்து வெடிக்காமல் இருக்கத் தானாகவே திறந்து பாய்லர் தண்ணீரை வெளியே விட்டுவிடும். அது நல்லதற்குத்தான். ஏப்ரலில் பிரான்சின் ஓவர்ன் மலையில் இது தெரியாமல், காலையில் டேங்க்கை நிரப்பிப் பம்ப்பைப் போட்டோம். பம்ப் நிற்கவே இல்லை. அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு, ராத்திரி மழை பெய்திருக்கிறது போல என்றார். வண்டிக்குக் கீழே மட்டும் மழை! கட்டிலுக்கு அடியில் அந்த வால்வு இருக்கிறது. உள்ளே கொஞ்சம் சூடேறிய பிறகுதான் அது மூடி நிற்கும். ஹீட்டரைப் போட்டு, வால்வை மூடி, அப்புறம் பம்ப். குளிர்காலத்தில் பல ஊர்களில் இயந்திரத்தையே அடைத்துவிடுவார்கள், உனக்கு அது இப்போது வேண்டாம்.

டீசல் மூடியும் தண்ணீர் மூடியும் வண்டியின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஸ்பெயினில் ஒரு பெட்ரோல் பங்கில், பேசிக்கொண்டே டீசல் வாயில் தண்ணீர் ஹோஸை வைத்த பையனை நானே பார்த்தேன். படித்தவன் மாதிரிதான் இருந்தான். சாவியைத் திருப்பாமல் ஆளைக் கூப்பிட்டதால் என்ஜின் தப்பியது. தண்ணீர் மூடிக்குத் தனிச் சாவி, அதில் நீல நூல் கட்டியிருக்கிறேன். அந்தச் சாவி மீராவிடமே இருக்கட்டும்.

ஸ்பெயினில் கட்டலோனியா பக்கம் போனால் கையை இறுக்கிப் பிடி. 2024 பிப்ரவரியில் அங்கே வறட்சி அவசரநிலை அறிவித்து, பார்சிலோனா உட்பட இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அந்த வசந்தத்தில் நாங்கள் போன கடற்கரை ஊரில் வண்டிக் குழாயில் பூட்டு தொங்கியது. கேம்ப்சைட்டில் ஒரு ராத்திரிக் காசு கட்டித்தான் பிடித்தோம். எனக்குக் கோபம் வரவில்லை, தண்ணீர்த் தட்டுப்பாடு தெரிந்து வளர்ந்தவள் நான். இப்போது மழை பெய்து நிலைமை மாறியிருந்தாலும், பிடித்த தண்ணீரில் வண்டியை மட்டும் கழுவாதே.

ஹோஸைக் குழாயோடு பொருத்தும் இணைப்புகள் எங்கே என்று கேட்பாய். சைடு லாக்கரில் நீல பிஸ்கட் டப்பாவில் அரை, முக்கால், ஒரு அங்குலப் பித்தளை இணைப்புகள், மரையே இல்லாத குழாய்க்கு ரப்பர் ஒன்று, நாலு வாஷர் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எண்ணித் திரும்ப வை, இரண்டை ஏற்கெனவே குழாயிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வந்ததும் டேங்க்கின் அடி மூடியைத் திறந்து முழுக்க வடித்து, அப்படியே காயவிடு.

பூவாளியைச் செடிக்கானது என்று நினைத்து வீட்டில் இறக்கி வைத்துவிடாதே.

கீழே மோட்டார் போட வேண்டும், மாடித் தொட்டி காலி என்று பாட்டி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா